நாக்குக்கு அடியில் கரையும் வரை

நான் இரண்டு முறை ஓய்வு பெற்றவன். முதல் முறை ராணுவத்திலிருந்து. அப்போது கையில் ஒரு டிரங்குப் பெட்டியும், இனி என்ன செய்வது என்ற குழப்பமும் இருந்தன. இரண்டாம் முறை, ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே ஓர் அறக்கட்டளை நடத்தும் சிகிச்சை மையத்திலிருந்து. இந்த முறை ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். குழப்பம் ஏற்கெனவே இருப்பது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மையம் முன்னாள் படைவீரர்களுக்கானது. வலி மாத்திரைக்குப் பழகி, விட முடியாமல் தவிக்கிறவர்கள் அங்கே வருவார்கள். நான் அங்கே ஆண் செவிலியன். மாத்திரை கொடுப்பது, பேச்சுக் கொடுப்பது, வராதவர்களைப் போனில் துரத்துவது எல்லாம் என் வேலை. வருகிறவர்கள் என்னைக் 'கம்பவுண்டர்' என்பார்கள். தணிகாசலம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

சென்ற மாதம் திவ்யா கூப்பிட்டாள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்.

"சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும். பேஷண்ட்டை வீடியோல பாக்குறது நல்லதா, நேர்ல வரவெச்சுப் பாக்குறது நல்லதா? எல்லாத்தையும் வீடியோவுக்கு மாத்திடலாமான்னு மேல யோசிக்கிறாங்க. உங்க அனுபவத்தைச் சொல்லுங்க."

"கூட்டம் எங்கம்மா?"

"வீடியோலதான் சார்."

பேசினேன். முதல் கால் மணி நேரம் என் மைக் அணைந்திருந்தது எனக்குத் தெரியாது. கையை ஆட்டி ஆட்டி உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பகுதிதான் நன்றாக இருந்தது என்று சிலர் அபிப்பிராயப்பட்டதாகத் திவ்யா பிறகு சொன்னாள். ஆகவே அன்று சொல்ல வந்ததை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்தை யாரும் மியூட்டில் போட முடியாது. பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், அது அவரவர் உரிமை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் சேர்ப்பில் நன்றாக ஓடினேன். நன்றாக ஓடுகிறவனைத் துப்பாக்கி தூக்க விடுவார்கள் என்று நினைத்தேன். என் கையெழுத்து புரியும்படி இருந்ததால் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கத்தரிக்காயில் ஊசி போடக் கற்றேன். கத்தரிக்காய் புகார் சொல்லவில்லை என்பதால் தேறிவிட்டதாகக் கருதி மனிதர்களிடம் அனுப்பினார்கள். பனியிலும் மணலிலும் பல வருஷம் ஓடியது. அங்கே கற்ற ஒரே பாடம் இதுதான்: சிப்பாய்க்கு வலி வந்தால் முதலில் வெட்கம் வரும், அப்புறம்தான் வலி. வைத்தியம் பார்க்க வரிசையில் நிற்கிறவனை, வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று பார்ப்பது பட்டாளத்தின் பழைய வழக்கம். ஆகவே எவனைக் கேட்டாலும் 'சப் டீக் ஹை சாப்' என்பான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கால் முறிந்து கிடந்தவன்கூட என்னிடம் அப்படித்தான் சொன்னான்.

அந்த 'சப் டீக்'தான் பிற்பாடு ஆவடிக்கும் வந்து சேர்ந்தது. இருபது வருஷம் மூட்டை சுமந்து மலை ஏறிய முதுகு, ஊருக்கு வந்ததும் ஓய்வெடுக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். நின்றால் வலிக்கும். யாரோ ஒரு டாக்டர் அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலுவான வலி மாத்திரை ஒன்றை ஒரு வாரத்துக்கு எழுதித் தருவார். வாரம் முடிந்துவிடும், மாத்திரை முடியாது. ஒன்று இரண்டாகும், இரண்டு அரை அட்டையாகும். நிறுத்தினால் ஓயாத கொட்டாவி, மூக்கில் ஒழுக்கு, மயிர்க்கூச்சு, எலும்பைப் பிழிகிற மாதிரி ஒரு வேதனை. அதற்குப் பயந்து மறுபடியும் போடுவார்கள். இவர்கள் எதிரில் 'போதை அடிமை' என்று யாராவது சொன்னால், யாரைச் சொல்கிறார்கள் என்று இவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல சார், மாத்திரை மட்டும்தான்" என்பார்கள். பொய் இல்லை. அப்படித்தான் நம்பினார்கள்.

பழைய மாத்திரைக்குப் பதிலாக, அந்த வேதனை வராமல் தாங்க எங்கள் மையத்தில் கொடுக்கும் மாத்திரை சின்னது. தீக்குச்சி முனையில் ஒட்டியிருக்கும் மருந்தை விடச் சாதுவாகத் தெரியும். ஆனால் அதற்கு இருக்கும் சடங்கு ஒரு கல்யாணத்துக்கு இருக்காது. முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும், வாய் ஈரமாக இருந்தால்தான் கரையும். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் வைக்க வேண்டும். பிறகு அந்த மனிதர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். மெல்லக் கூடாது, பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. முழுதாகக் கரைய எட்டு, பத்து நிமிஷம் ஆகும். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குப் போய்ப் பெரும்பகுதி வீண், சாயங்காலமே பழைய வேதனை எட்டிப் பார்க்கும். கரைந்ததும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், நான் குனிந்து பார்ப்பேன். உலகத்தில் எத்தனையோ பேர் கடலைப் பார்த்திருக்கிறார்கள், மலையைப் பார்த்திருக்கிறார்கள். நான் நாக்கின் அடிப்பக்கம் பார்த்தவன்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்ச் இருந்தது. காலையில் போனால் ஆறேழு பேர் அதில் வாயை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் டாக்டர் வைதேகி மனநல மருத்துவர். பட்டாளத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாயக் யார், ஹவில்தார் யார் என்ற வித்தியாசம் கடைசி வரை அவருக்குப் பிடிபடவில்லை. எல்லோரையும் 'ஐயா' என்பார். யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" பதில் வந்ததும், "என்ன சாப்பிட்டீங்க?" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். கையில் பேனா இருக்கும், மூடி கழற்றியிருக்க மாட்டார். எதிரில் இருப்பவர் இட்லியில் ஆரம்பிப்பார், சட்னிக்கு வருவார், சட்னி அரைத்த மனைவிக்கு வருவார், மனைவியோடு போட்ட சண்டைக்கு வருவார். டாக்டர் 'ம்' கூடச் சொல்ல மாட்டார். எல்லாம் கொட்டி முடித்து அவர் எழுந்து போன பிறகுதான் பேனாவின் மூடி திறக்கும். ஒருமுறை நடுவில் நான் ஒரு புத்திசாலித்தனமான கேள்வி கேட்டேன். டாக்டர் மூடிய பேனாவை என் பக்கம் லேசாக உயர்த்தினார். அதற்கப்புறம் நான் புத்திசாலித்தனத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஊரடங்கு வந்தபோது வீடியோவும் வந்தது. வீட்டில் நம்பகமான ஒருவரிடம் ஒரு வாரத்து மாத்திரையைக் கொடுத்து வைப்போம். அவர் தினமும் ஒன்றை எடுத்துக் கொடுப்பார், நான் திரையில் பார்ப்பேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதல் நாள் ஒருவர் போனை ஜன்னலில் வைத்துவிட்டு அதன் முன் விறைப்பாக நின்றார். பத்து நிமிஷம் அவர் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் இஸ்திரி போட்ட சட்டை, பதக்கம், தலைக்கு எண்ணெய் சகிதம் வந்தார். முடிந்ததும் எழுந்தார், கீழே கட்டம் போட்ட லுங்கி. என் பக்கத்துக் கோலமும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. பல நாள் அவர்களுக்கு என் வழுக்கை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. "கம்பவுண்டர் சார், ஏதோ நிலா மாதிரி கீது, நீங்கதானா?" என்று தேவராஜ் கேட்டான்.

தேவராஜ் லான்ஸ் நாயக்காக இருந்தவன், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். ஊரடங்கு முடிந்ததும் முதல் ஆளாக பெஞ்சுக்குத் திரும்பியவன் அவன்தான். "ஊட்ல மாத்திர போட்டா இன்னா பிரயோஜனம்? சும்மா குந்தியிருக்கறத பாக்க நாலு பேரு வாணாம்?" என்றான்.

அதன்பிறகு சிலர் வீடியோவில், சிலர் நேரில் என்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் சுபேதார் ஏகாம்பரம் வந்தார்.

திருமுல்லைவாயில்காரர். பரம்பரையாக அங்கேயே விவசாயம் பார்த்த குடும்பம், நிலம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு வந்தவர், மாத்திரைக்குப் பழகிப் பல வருஷம். ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாத்திரை மயக்கத்தில் நாற்காலியில் தூங்கிவிட்டார். கோயிலுக்குப் போயிருந்த அவர் மனைவி பத்மா திரும்பி வந்தபோது சமையலறை புகையாக இருந்தது, திரைச்சீலையில் நெருப்பு ஏறிக்கொண்டிருந்தது. அணைத்தார். மறுநாள் துணிமணியை எடுத்துக்கொண்டு முகப்பேரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். "அந்தக் கருமத்த உட்டுட்டு வந்து கூப்புடு. அதுக்கு முன்னாடி அந்தப் பக்கமே வராத" என்பது அவர் விதித்த நிபந்தனை. சுபேதார் எங்களிடம் வந்ததற்கு ஒரே காரணம் அதுதான். முதுகுக்காக வரவில்லை, உயிருக்காக வரவில்லை. மனைவி வீட்டுக்கு வர வேண்டும்.

அவர் முதல் முறை மையத்துக்குள் நுழைந்தது காலை மாத்திரை நேரத்தில். பெஞ்சில் ஆறு பேர், ஆறு வாயிலும் மாத்திரை. நரைத்த மீசையும் நேரான முதுகுமாக அவர் வாசலில் தெரிந்தாரோ இல்லையோ, ஆறு பேரும் ஒரே மனிதனைப் போல எழுந்து நின்றார்கள்.

"ஜெய்ஹிந்த் சாப்!"

ஆறு தொண்டைகள் ஏறி இறங்கின. ஆறு மாத்திரையும் உள்ளே போய்விட்டன.

நான் தலையில் கை வைத்தேன். டாக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். "என்ன ஆச்சு?"

"முழுங்கிட்டாங்க மேடம். எல்லாரும்."

"ஏன்?"

"சுபேதார் வந்தார் மேடம்."

"அதுக்கு?"

அதுக்கு என்ன என்று ஒரு சிவிலியனுக்கு எப்படி விளக்குவது? தேவராஜ் கொஞ்ச காலம் ஏகாம்பரத்தின் கீழ் வேலை பார்த்தவன். மற்றவர்கள் அவரை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. சுபேதார் வந்தால் எழுந்திருப்பது முட்டியின் வேலை, மூளையைக் கேட்டு நடப்பதில்லை.

சுபேதாரோ அந்த ஆறு பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, செக்யூரிட்டி ஆள் வேணுமான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

முன்பே பதிவுக்குக் கொடுத்திருந்த எண்ணில் அவரைப் போனில் பிடித்தேன். "அந்த பெஞ்சுல நான் ஒக்கார முடியாது கம்பவுண்டர். என் பசங்க முன்னாடி வாயைப் பொளந்து நாக்கைக் காட்டவா?"

"வேற நேரத்துல வாங்க சாப். பின்பக்கமா ஒரு வழி இருக்கு, கிச்சன் வழியா..."

"பின்பக்கமா?" என்றார். அதற்குமேல் நான் அந்த யோசனையை வளர்க்கவில்லை.

சரி, வீடியோ என்று பார்த்தால், மாத்திரையை வைத்திருக்க வீட்டில் ஆள் வேண்டும். ஆள் முகப்பேரில். பழைய மாத்திரை நிற்க வேண்டுமானால் மனைவி வர வேண்டும், மனைவி வர வேண்டுமானால் பழைய மாத்திரை நிற்க வேண்டும். நான் பத்மா அம்மாவுக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். அவரே ஒரு வழி சொன்னார்.

"டப்பாவ நான் வெச்சிக்கிறேன் சார். காலைல பஸ்ஸு புடிச்சி எட்தாந்து குடுக்குறேன். ஆனா ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன். கேட்டாண்ட நின்னு குடுத்துட்டுப் பூடுவேன்."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே பத்மா, உள்ளே சுபேதார். சுபேதார் போனைக் கேட் தூணின் மேல் சாய்த்து வைப்பார். கம்பி வழியாக ஒரு கை நீளும், அவர் வாங்கி நாக்குக்கு அடியில் வைப்பார், நான் மையத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் சில நாள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கேட்டுக்குப் பின்னால் காக்கை கத்துவது மட்டும் கேட்கும்.

பிறகு பத்மா அம்மா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, தான் பேசி முடிக்கும் வரை புருஷன் குறுக்கே பேச முடியாத ஒரு பத்து நிமிஷம் தினமும் கிடைக்கிறது. அதுவும் டாக்டர் உத்தரவு.

"பொண்ணு பொறந்தப்போ நீ எங்க இருந்த? பார்டர்ல. சர்தான். அவளுக்குக் காது குத்துனப்போ? பார்டர்ல. எங்கப்பன் செத்தப்போ? அப்பவும் பார்டர்ல. யோவ், தெரியாமதான் கேக்குறேன், அந்த பார்டரு உன் ஒருத்தன நம்பியா கீது?"

திரையில் சுபேதாரின் மீசை துடிக்கும். "ம்ம்! ம்ம்ம்!" என்பார்.

"சாப், விழுங்காதீங்க" என்பேன் நான்.

"மொறைக்காதய்யா. கம்பவுண்டர் சார் பாத்துகினு கீறாரு."

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்துக்காக நான் காலையில் சீக்கிரம் வர ஆரம்பித்தேன். மாத்திரையைக் கண்காணிப்பதாகப் பெயர். முப்பத்தைந்து வருஷத்துக் குடித்தனம் தவணை முறையில் கேட் வழியாக வந்துகொண்டிருந்தது. சுபேதாரும் தேறிக்கொண்டே வந்தார். முகத்தில் தெளிவு வந்தது. பத்மா அம்மா வாங்கி வரும் கீரைக்கட்டும் மாத்திரையோடு சேர்ந்து கம்பி வழியாக உள்ளே போக ஆரம்பித்தது.

அப்புறம் மீன் குழம்பு வந்தது. அதாவது, பேச்சில் வந்தது.

சுபேதாருக்கு வாழ்க்கையில் மெடலை விடப் பெருமை அவர் வைக்கும் மீன் குழம்பு. லீவில் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துத் தெருவுக்கே கொடுப்பாராம். அன்று பத்மா அம்மா ஏதோ வேகத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஊரே மெச்சுச்சுன்னு இன்னிக்கி வரிக்கும் சொல்லிகினு கீறியே. எதுத்த ஊட்டுக்காரி அத்த நாய்க்கு ஊத்துனா, தெர்மா? நாயி மோந்து பாத்துட்டு நவுந்து பூட்ச்சி."

சுபேதாரின் தொண்டை ஏறி இறங்கியது.

"எந்த நாய்?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஆனால் அது சிரித்து முடிகிற விஷயமாக இல்லை. ஒருமுறை விழுங்கிப் பதில் சொன்ன ருசி அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் பத்மா அம்மா ஏதாவது சொன்னால் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டுவார், பிறகு பதில் சொல்ல ஆரம்பிப்பார். திரையில் நாக்குக்கு அடியில் சுத்தமாக இருக்கும். கரைந்துபோனதற்கும் விழுங்கியதற்கும் திரையில் வித்தியாசம் தெரியாது. அதிலும் முக்கியமான நேரத்தில் படம் உறைந்து நிற்கும். எதிரே நின்ற பத்மா அம்மாதான் ஒருநாள் போனருகே வந்து, "சார், இவுரு தொண்டைய பாத்தீங்களா? கரையறதுக்கு முன்னாடியே உள்ள தள்ளிடறாரு" என்றார்.

"அப்படியா சாப்?"

"சப் டீக் ஹை கம்பவுண்டர்."

சாயங்காலம் டாக்டர் அவரை வீடியோவில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். சுபேதார் கொட்டாவியை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் மேடம்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி மேடம்."

டாக்டர் காத்திருந்தார். பேனா மூடியபடி இருந்தது. சுபேதார் இரண்டு முறை இருமினார். திடீரென்று படம் சுழன்று மேலே போனது. போனை மடியில் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்துவிட்டார் போலிருக்கிறது. திரையில் மேல்தளமும், மெதுவாகச் சுற்றும் மின்விசிறியும் மட்டும்.

"சாப், கேமராவைச் சரி..." என்று நான் வாயெடுத்தேன். மூடிய பேனா என் பக்கம் உயர்ந்தது. நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் மின்விசிறி சுற்றியது. பிறகு அதற்குக் கீழே எங்கிருந்தோ குரல் வந்தது. அவரைப் பார்த்த நாளிலிருந்து நான் கேட்டிராத சின்னக் குரல்.

"பழைய அட்டை ஒண்ணு ஷூவுக்குள்ள இருந்துச்சு மேடம். தூக்கிப் போட மறந்துட்டேன்னு நெனச்சேன். மறக்கல. வெச்சிருந்தேன். ரெண்டு நாளா அதைத்தான் சாப்பிடறேன். சாயங்காலம் ஆனா ஒடம்பு நடுங்குது. பயமா இருக்கு மேடம்."

ஒரு சுபேதார் 'பயமா இருக்கு' என்று சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

"சொன்னது நல்லது ஐயா," என்றார் டாக்டர். "வீட்டம்மாகிட்டயும் சொல்லணும்."

"முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாது மேடம்."

"இதே மாதிரி ஃபேனைக் காட்டிக்கிட்டே சொல்லுங்க."

மறுநாள் பத்மா அம்மாவே எனக்குப் போன் செய்தார். "ஃபேன காட்டிகினு பேசுறாரு சார் அந்த மனுசன். அல்லாத்தையும் சொன்னாரு. எனுக்கு அழுவ வந்துட்ச்சி. நானும் பொண்ணு ஊட்டு ஃபேன அவருக்குக் காட்டிகினு அழுதேன்."

திவ்யா, நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்க்க நேரில் இருக்க வேண்டும். ஷூவுக்குள் இருக்கும் அட்டையைப் பற்றிக் கேட்க, முகம் தெரியாத ஒரு மின்விசிறி வேண்டியிருந்தது. நேரில் வரச் சொல்லி டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் விறைத்து நின்று இட்லியோடு முடித்திருப்பார். எதை எப்போது என்பதை மேலிடம் ஓர் உத்தரவில் எழுதிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இனிமே கேட்டாண்ட வெச்சிக் குடுக்குறது ஆவாது சார்," என்றார் பத்மா அம்மா அதே போனில். "நான் வாயத் தொறந்தா அவுரு முழுங்கிடறாரு. நான் சும்மா இருக்கலாம்னா, என்னாலயும் முடியல. நீங்களே ஆஸ்பத்திரில குந்த வெச்சிக் குடுங்க."

மறுபடியும் பெஞ்ச். டாக்டர் பெஞ்சில் இருந்தவர்களைக் கூட்டி, யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, வணக்கம் சொல்லக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். யார் வரப்போகிறார் என்று சொல்லவில்லை. தேவராஜ் கையைத் தூக்கினான்.

"மேடம், நீங்க சொல்றது எனுக்குப் புரியுது. என் காலுக்குப் புரியாது."

சுபேதார் அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். "எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் நான் போனபோது வாசலில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. கதவைத் திறந்தேன். நேராகப் போய் பெஞ்சின் முதல் இடத்தில் உட்கார்ந்தார். "குடுங்க" என்றார். தண்ணீர் கொடுத்தேன். மாத்திரையை வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெஞ்சில் இருக்கிறவர்கள் அவரைப் பார்த்து எழுந்தால்தானே தொல்லை? அவர் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால், வருகிறவன் வாசலிலேயே வணக்கம் வைத்துவிட்டு வருவான். அவன் வாயில் இன்னும் மாத்திரை இருக்காது. ஒன்றும் வீணாகாது. டாக்டருக்கும் பத்மா அம்மாவுக்கும் எனக்கும் தோன்றாத இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு விலை இருந்தது. ஒவ்வொருவனும் உள்ளே வரும்போது, வாயில் மாத்திரையோடு உட்கார்ந்திருக்கும் சுபேதாரை அவன் பார்க்க வேண்டும். பதில் வணக்கம்கூட அவரால் சொல்ல முடியாது.

முதலில் வந்தவன் தேவராஜ். வாசலில் பார்த்தான். கால்கள் தானாகச் சேர்ந்தன.

"ஜெய்ஹிந்த் சாப்!"

சுபேதாரின் காது சிவந்தது. உதடு பிரியவில்லை. வலது கையை மட்டும் மடியிலிருந்து கொஞ்சம் தூக்கினார்.

தேவராஜ் அந்தக் கையைப் பார்த்தான், மூடிய வாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான். மெதுவாக வந்து அவர் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"சாப்... உங்களுக்குமா?"

சுபேதார் தலையசைத்தார்.

"நான் ஒண்டிதான் இப்டி ஆயிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன் சாப். நீ சொன்னன்னு மூட்டைய தூக்கிகினு மலை ஏறுனேன். என் முதுகு போச்சு. அதே மலைய நீயும்தான ஏறுன? உனுக்கும் முதுகு கீதுன்னு எனுக்குத் தோணவே இல்ல பாரு."

பட்டாளத்தில் இருந்தவரை அவன் சுபேதாரை 'நீ' என்று சொல்லியிருக்க மாட்டான். சுபேதார் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு கையால் பெஞ்சைத் தட்டி, நடுவில் விட்டிருந்த இடத்தைக் காட்டினார். தேவராஜ் நகர்ந்து ஒட்டி உட்கார்ந்தான். "கம்பவுண்டர் சார், எனுக்கும் குடு" என்றான்.

அதிலிருந்து சுபேதார் ஒருநாளும் தவறவில்லை. எப்போதும் முதல் ஆள். மற்றவர்கள் வாசலில் வணக்கம் வைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். அவருக்கு முன்னால் வந்துவிடக் கூடாதென்று சிலர் தெருமுனை டீக்கடையில் காத்திருந்து வந்ததும் எனக்குத் தெரியும். ஷூவுக்குள் இருந்த அட்டையின் மிச்சத்தை அவரே கொண்டுவந்து டாக்டர் மேசையில் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு காலை. பத்மா அம்மாவும் மையத்துக்கு வந்தார். பெஞ்ச் நிறைந்து, எல்லா வாயும் மூடியிருந்த நேரம். நான் சுபேதாருக்குக் கடைசியாகக் கொடுத்தேன், அன்று அவர் மற்றவர்களை முதலில் பார்க்கச் சொல்லியிருந்தார். மாத்திரை உள்ளே போனது. பத்மா அம்மா பெஞ்சின் ஓரத்தில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு ஃப்ளாட்டுல எனுக்கு ஆவல," என்றார், யாரையும் பார்க்காமல். "லிப்ட்டு, வாட்ச்மேனு, எதுத்த ஊட்ல யாரு கீறாங்கன்னுகூட தெர்ல. துணி காயப் போட்டாக்கூட அசோசியேஷன்ல கேக்குறாங்கோ."

சுபேதார் முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"அதான், நாளைக்கி ஊட்டுக்கு வந்துடலாம்னு கீறேன். உனுக்குச் சம்மதம்னா இப்ப சொல்லு. அப்பால சொல்றேன்னு இழுக்காத."

சுபேதாரின் தொண்டை ஒருமுறை அசைந்தது. நான் குனிந்துவிட்டேன். "சாப், வேணாம். விழுங்காதீங்க."

இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நிறைந்து மீசையில் இறங்கியது. தலையை ஆட்டினார். ஒரு முறை போதாது என்று தோன்றியதோ என்னவோ, ஆட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் தேவராஜும் ஆட்டினான். அவனுக்கு அடுத்தவர் ஆட்டினார். பெஞ்ச் முழுக்க, பத்மா அம்மாவை அதற்கு முன் பார்த்தே இராதவர்களும் வாயைத் திறக்காமல், விழுங்காமல், வேகவேகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள யார்யா கேட்டாங்கோ?" என்றார் பத்மா அம்மா.

அந்த அறையில் வாயில் மாத்திரை இல்லாத ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அவர்கள் சார்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சுபேதார் ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்து, கொஞ்சம் பொறு என்பதுபோல் மனைவி பக்கம் காட்டினார். பத்மா அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூடையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மெதுவா கரையட்டும்யா," என்றார். "நான் எங்க போவப்போறேன்?"